பதினோராம் அத்தியாயத்துப் பூண்டு

எந்தெந்த நாவல்களைப் படமாக்கலாம் என்று கேட்டு வாரம் நாலு பேராவது மெசேஜ் அனுப்புகிறீர்கள். போன மாதம் ஒரு வாசகர் கூட்டத்தில் பத்து நாவல்கள் அடங்கிய பட்டியலையே வாசித்தேன். என் நாவலுக்கு ஏழாவது இடம். முதலிடம் கொடுத்தால் தற்பெருமை என்பீர்கள்... பத்தாவது என்றால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பலித்துவிட்டது. இளம் இயக்குநர் ஒருவர் கொடைக்கானலில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன் - ஒரு வரிகூட மாற்றக் கூடாது. பின்னே? இவர்களைப் பற்றித் தெரியாதா? மலைக் கிராமத்து விவசாயி கதையைக் கொடுத்தால் அவர் மகளைச் சுவிட்சர்லாந்தில் ஆட விடுவார்கள். மனிதர் சிரித்தபடியே அதை அக்ரிமென்ட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். எனக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.

போன வாரம் பக்கத்து மலைக் கிராமமான கவுஞ்சியில் டெஸ்ட் ஷூட். என்னையும் அழைத்துப் போனார்கள். இயக்குநர் தேர்ந்தெடுத்திருந்தது பாண்டியம்மாள் என்பவரின் பூண்டு வயல். பின்னாலிருந்து பனிமூட்டம் அழகாக ஏறி வருகிறதாம். நடந்து, நின்று, பேசி எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மாவும் சம்மதித்திருந்தார்.

அன்றைக்கு எடுக்க வேண்டியது என் பதினோராம் அத்தியாயம். காதலனைப் பிரிந்த நாயகி, பச்சைப் பசேலென்ற வயலில் அழுதுகொண்டே பூண்டு அறுவடை செய்வாள். நீங்களெல்லாம் உருகி உருகிக் கடிதம் எழுதிய இடம். நாயகியாக நடிக்கும் பெண் வயலில் இறங்கி, பூண்டைப் பிடுங்கக் குனிந்தார்.

பாண்டியம்மாள் குறுக்கே வந்து நின்றார். அது அடுத்த போகத்துக்கு விதைக்கென்றே அவர் விட்டுவைத்திருந்த பூண்டு. நஷ்ட ஈடு தருவதாக மேனேஜர் சொன்னார்.

“துட்டு முளைக்குமாங்க?” என்றார் பாண்டியம்மாள். “தாள் பழுத்துச் சாயணும், அப்பத்தான் புடுங்கணும். பச்சையில புடுங்குனா விதைக்கு ஆகாது. பச்சையா நிக்கிறப்ப எவளாச்சும் அறுவடை பண்ணுவாளா? யாரு எழுதுனது இத?”

இயக்குநர் என்னைக் காட்டினார்.

இருபது வருடமாகக் கொடைக்கானலில் குடியிருக்கிறேன். பூண்டை ரசத்தில் பார்த்ததோடு சரி. அந்த அத்தியாயத்தை ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். கவுஞ்சிக்கு ஒரு நடை போய் வரலாம் என்றுதான் நினைத்தேன்... மழை. வயல் என்றால் பச்சை, அவ்வளவுதானே?

இருந்தாலும் எழுத்தாளன் அல்லவா? அந்தப் பச்சை ஒரு குறியீடு என்று ஆரம்பித்தேன்.

“அது இருக்கட்டுங்க சார். விதை போச்சுன்னா அடுத்த தடவ என்னத்த ஊனுறது?”

நாயகியைக் கரையேறச் சொல்லுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டேன். அவரோ பவ்யமாக அக்ரிமென்ட்டை நினைவுபடுத்தினார். ஒரு வரிகூட மாற்ற மாட்டாராம். மூல நாவலை இவ்வளவு மதிக்கிற இயக்குநர் தமிழ் சினிமாவில் எனக்கென்றா வந்து வாய்க்க வேண்டும்?

வேறு வழி? வரப்பில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். அறுவடையை அடித்துவிட்டுக் களையெடுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். என் நாவலில் முதன்முதலாக ஒரு வரியை மாற்றிய பாவி நானேதான்.

களையை எப்படிப் பிடுங்குவது என்று பாண்டியம்மாளே நாயகிக்குக் காட்டிக் கொடுத்தார். அழுதுகிட்டே நிக்காம வெரசா புடுங்கும்மா என்றும் சொன்னார். அந்தப் பெண் கண்ணீரை விழுங்கிக்கொண்டு களை பிடுங்கினார். என் அத்தியாயத்தைவிட நன்றாக இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆக, எந்த நாவலைப் படமாக்கலாம்? எழுதியவன் ஒரு தடவையாவது வயலை எட்டிப் பார்த்த நாவலை. என் பட்டியலில் ஏழாவது இடத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

கிளம்பும்போது பரிகாரமாக இருக்கட்டும் என்று, நாவலில் கையெழுத்துப் போட்டுப் பாண்டியம்மாளிடம் நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கியவர், நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“படம் வந்தா சொல்லுங்க சார், பாக்குறேன். புஸ்தகம் வேண்டாங்க.”