வெண்டலின் அபிப்பிராயம்

தொலைபேசி அடித்தால் வெண்டல் ஹுப்னர் உடனே எடுத்துவிட மாட்டார். முதலில் டி.வி.யை அணைப்பார். சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்காருவார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்ப்பார். அவர் தொப்பி கழற்றுவது தேவாலயத்துக்கும் கருத்துக்கணிப்புக்கும் மட்டும்தான். அதற்குள் மணி ஓய்ந்துவிடுமோ என்று பார்ப்பவருக்குத்தான் பதறும்.

"நின்னா மறுபடி கூப்பிடுவாங்க. நாம விஸ்கான்சின்ல இருக்கோம்யா. நம்மள விட்டா அவங்களுக்கு வேற நாதி ஏது?" என்பார்.

அவருக்கு வேலை, சாலையில் விழுந்த பனியைத் தள்ளும் லாரி ஓட்டுவது. குளிர்காலம் முழுக்கத் தனி ஆள். வண்டியின் இரைச்சலைத் தவிர யாரும் அவரிடம் பேசுவதில்லை. வீட்டிலோ சுவருக்கு எந்த நிறம், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எந்தக் கடை எல்லாமே மனைவி ஜாய்ஸின் முடிவு. சண்டையெல்லாம் கிடையாது. எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் இவர் "சரி" என்றுவிடுவார். அதனால் ஜாய்ஸ் கேட்பதையே விட்டுவிட்டார். ஆனால் அதிபர் தேர்தல் வந்துவிட்டால் நாடே வெண்டலைக் கேட்கிறது. எங்கள் மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாதே!

"அது வந்தும்மா... ரெண்டு பக்கமும் பாக்கணும்ல?" என்று ஆரம்பிப்பார். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலுமாக வரும் குரல். பக்கத்து வீட்டில் இருக்கும் நான் அதை அப்படியே பேசிக் காட்டினால் மதுக்கடையில் ஓசியில் பீர் கிடைக்கும். முழுமையாக ஏற்கிறீர்களா, ஓரளவு ஏற்கிறீர்களா என்று எதிர்முனை கேட்டால், அவர் கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, "ஓரளவு" என்பார். வரிக்கும் ஓரளவு, எல்லைப் பாதுகாப்புக்கும் ஓரளவு.

"முட்டி வலி எப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டபோதும் அதேதான்.

மருத்துவர் அந்த 'ஓரளவை' நம்பவில்லை. பனி விழுமுன் முட்டியை மாற்றிவிட வேண்டும் என்று நாள் குறித்தார். அது தேர்தல் நாளாகப் போய்விட்டது. முன்கூட்டியே வாக்களிக்காவிட்டால் வாக்கே இல்லை.

இங்கேதான் வெண்டலுக்கு இடி. அழைப்பவர்களில் பெரும்பாலோர் இரு கட்சிகளின் ஆட்கள். வாக்குச்சீட்டு வைத்த உறை நகரமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது தெரிந்ததும் இரு தரப்பும் தங்கள் அழைப்புப் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அழைப்பும் இல்லை, கதவு தட்டலும் இல்லை. அந்த நிம்மதிக்காகவே முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கிய அன்றே போய் வாக்களிப்பவர்கள் எங்கள் தெருவில் உண்டு. ஜாய்ஸ் அப்படித்தான். வெண்டல் மட்டும் எப்போதும் தேர்தல் நாள் மாலையில் போகும் ஆள்.

தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, செவ்வாய்க்கிழமை, ஜாய்ஸ் அவரைக் காரில் ஏற்றி நகரமன்றத்தில் இறக்கிவிட்டார். தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்து அறையில் எழுத்தர் மார்வா உட்கார்ந்திருந்தார். வெண்டல் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனவர் வெளியே வரவே இல்லை. வரிசையில் நான் பின்னால் நின்றேன்.

"வெண்டல், பரீட்சையா எழுதுற? நாலு வருஷமா யோசிச்சது பத்தலையா?" என்றார் மார்வா.

"எழுதியாச்சு. சும்மா நிக்கிறேன்."

"நிக்கிறதுக்கு வெளிய எடம் இருக்கு. இவங்கல்லாம் காத்துக் கெடக்காங்க."

வந்தார். உறையை நீட்டினார், ஆனால் விடவில்லை. ஒரு முனையை அவரும் மறு முனையை மார்வாவும் பிடித்திருந்தார்கள்.

"மார்வா, இத வாங்கிட்டா எம்பேர எப்ப அடிப்பாங்க?"

"நாளைக்கே. ஏன், செத்தா போகப்போற? ஓட்டுதான போடுற!"

வெளியே ஜாய்ஸ் ஹாரன் அடித்தார். வெண்டல் விட்டார்.

புதன்கிழமை ஒரே ஒரு முறை மணி அடித்தது. டி.வி.யை அணைத்து, நாற்காலி போட்டு, தொப்பியைக் கழற்றி எடுத்தால், பல் மருத்துவமனை. வியாழக்கிழமை அதுவும் இல்லை. மாலை நான் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தொப்பியோடு டி.வி. முன் உட்கார்ந்து, பேசாத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா, வீடு வீடா இருக்கு" என்றார் அடுப்படியிலிருந்து ஜாய்ஸ்.

"ம்."

ஜாய்ஸ் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரக்கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு, குரலை மெல்லியதாக்கினார்.

"வணக்கம் சார். ரெண்டு நிமிஷம் ஒதுக்க முடியுமா? வெள்ளிக்கிழமை மீன் வறுவல் பத்தி ஒரு கருத்துக்கணிப்பு. சர்ச் ஹாலா, ஏரிக்கரைக் கடையா? இன்னிக்கே போறதா இருந்தா ஒங்க ஓட்டு யாருக்கு சார்?"

வெண்டல் எழுந்து டி.வி.யை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.