பனிக்குள் நின்றவர்

எங்கள் ஸ்டுடியோ வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி சுவரோடு பதிந்திருந்தது. கொடைக்கானலில் காசில்லாமல் பார்க்கக் கிடைத்த காட்சிகளில் ஏரிக்கு அடுத்த இடம் அதற்குத்தான் என்பது அப்பாவின் கருத்து. ஏரி அதை மறுத்ததில்லை.

சனிக்கிழமைதோறும் அப்பா பெட்டியைத் திறந்து புதிய படங்களைக் குத்தி வைப்பார். சுற்றுலா வந்தவர்களின் படங்கள் விற்பனைக்கு. அவை உள்ளே வரா. பெட்டிக்கு உரியவர்கள் வேறு: விறகுக் கட்டோடு சரிவில் இறங்கும் பெண்கள், மலைக்கிராமமான பூண்டியிலிருந்து வெள்ளைப்பூண்டு மூட்டை கொண்டுவந்த விவசாயி, தேவாலயத்தில் முதன்முறை புதுநன்மை வாங்கிய நாளில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற சிறுமிகள். படம் வாங்க வசதியற்றவர்கள் ஞாயிறு பூசை முடிந்து வந்து தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிறுமிகளின் கறுப்பு வெள்ளைக் கன்னங்களில் ரோஜா நிறம் ஏற்றியது என் அம்மா. தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி வண்ணம் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பூசுவாள். கலை மக்களுக்கே என்று இன்று நான் மேடையில் முழங்குகிறேன், கைதட்டலும் பெறுகிறேன். அந்தச் சொற்களை ஒருமுறையும் உச்சரிக்காத வீட்டில்தான் நான் பிறந்தேன்.

அறுபத்தைந்தாம் ஆண்டின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. மொழிப் போராட்டத்தால் சமவெளி கொதித்துக்கொண்டிருந்தது; கல்லூரிகளை மூடிவிட்டார்கள். மதுரையில் படித்துக்கொண்டிருந்த என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, பெட்டியும் படுக்கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஸ்டுடியோவின் ஆளுயரக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுவார். கேட்பவள் நான் ஒருத்திதான். "மருமகளே, கைதட்டு. தட்டலேன்னா அடுத்த வரி வராது" என்பார். தட்டுவேன், வரும்.

அவரைப் படம் பிடிக்க அப்பா பலமுறை முயன்று தோற்றிருக்கிறார். "பேசுற ஆளப் போயி அசையாம உக்காருன்னா எப்பிடி மச்சான்? என் சோலியே அசையிறதுதான்" என்று எழுந்து போய்விடுவார். இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பாவும் விட்டுவிடுவார். வீட்டு மனிதருக்கு அவசரம் என்ன?

ஒருநாள் முற்பகல், மாணவர்களும் இளைஞர்களும் கறுப்புக் கொடிகளோடு கடைவீதியில் ஊர்வலம் வந்தார்கள். முன்வரிசை நடுவில் மாமா. அவருக்கு இடப்பக்கம் எதிர்த் தேநீர்க்கடைக்காரரின் மகன். வலப்பக்கம் பூண்டி விவசாயியின் மகன். மலையில் அரிதாகக் கிடைக்கும் பளிச்சென்ற வெயில் அன்று அடித்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று நான் பார்த்தேன். அப்பா ஒரு கடையின் மாடியிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தார்.

அன்று மாலை அந்தப் படம் இருட்டறையிலிருந்து ஈரமாக வெளியே வந்தபோது அம்மா அதைப் பார்த்தாள். பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

"தம்பி மூஞ்சி அப்பிடியே தெரியுதுங்க. இத வெளிய வைக்காதீங்க. கண்டவன் கண்ணெல்லாம் படும்."

"எல்லா மூஞ்சியுந்தான் தெரியுது. பாரு, ஒவ்வொருத்தன் கண்ணுலயும் என்னமா ஒரு வெளிச்சம்! இருவது வருசமா நான் எடுத்ததெல்லாம் படமே இல்ல. இதுதான் படம். இத உள்ள வச்சுப் பூட்டவா?"

"அப்ப அவன் மூஞ்சிய மறைங்க."

அம்மா கதவை விட்டு நகரவில்லை. பிறகு அப்பா பூதக்கண்ணாடியையும் பிளேடையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு நெகட்டிவின் முன் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை பெட்டியைப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். மாமாவின் கை கொடியை உயர்த்திப் பிடித்திருந்தது. தலையிருந்த இடத்தில் ஒரு வெண்பனி மென்மையாக இறங்கியிருந்தது. "மாமா எங்கப்பா?" என்று கேட்டேன். "அந்த நேரம் பாத்துப் பனி எறங்கிருச்சும்மா" என்றார் அப்பா. அன்று வெயில் அடித்ததை என் கண்ணால் கண்டிருந்தேன். ஆயினும் என் கண்ணையா நம்புவது, அப்பாவின் படத்தையா? படத்தையே நம்பினேன்.

கூட்டம் அலைமோதியது. தேநீர்க்கடைக்காரர் தம் மகனைச் சுட்டிக்காட்டிச் சுட்டிக்காட்டிப் பலருக்கு இலவசமாகத் தேநீர் கொடுத்தார். பூண்டியிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தும் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் அப்பா அடைந்த பெருமிதத்தை நான் பிறகு எந்த மேடையிலும் எந்த முகத்திலும் கண்டதில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். படத்தின் முன் நிதானமாக நின்றார்.

"ரொம்ப அருமையா எடுத்திருக்கீங்க. ஒவ்வொரு ஆளும் தனித்தனியாத் தெரியிறான். தெறங்க, எடுத்துக்கிறேன்."

அப்பா சாவியைத் தேடினார். மேசையில் தேடினார், இழுப்பறையில் தேடினார், ஆணியில் தேடினார்.

"சட்டப் பையில இருக்கு பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர், அன்பாகவே.

மறுநாள் விடிவதற்குள் படத்தில் இருந்தவர்களை வீடுவீடாகப் போய்க் கூட்டிச்சென்றார்கள். எங்கள் வீட்டுக் கதவை எவரும் தட்டவில்லை. காலையில் தேநீர்க்கடைக்காரர் கடையைத் திறக்காமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் கத்தவில்லை.

"ஏன்யா போட்டோக்காரரே, எம் மகன் தலையில வெயிலு; ஒம்ம மச்சினன் தலையில மட்டும் பனி எறங்குச்சாக்கும்?"

அப்பா பெட்டியில் படம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். தன் வீட்டு முகத்துக்கு ஆபத்து உண்டென்று அறிந்தவர், பிற வீட்டு முகங்களுக்கு அது இல்லையென்று எவ்வாறு நம்பினார்? அவர் கெட்டவர் அல்லர். அந்தப் படத்தை ஊருக்குக் காட்டாமல் அவரால் இருக்க முடியவில்லை, அவ்வளவே. எத்தனையோ வழக்காடு மன்றங்களில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் வென்றிருக்கிறேன். இந்த வழக்கில் மட்டும் இரு பக்கமும் பேசிப் பார்த்து இரண்டிலும் தோற்றேன்.

உள்ளேயிருந்து மாமா வந்தார். அவர் படத்தைப் பார்த்ததே இல்லை. வெளியே தலைகாட்டக் கூடாதென்று அம்மா அவரைப் பின்கட்டில் இருத்தியிருந்தாள். மிச்சமிருந்த ஒரு பிரதியை வாங்கிப் பார்த்தார்.

"மச்சான், என்னைய எங்க வச்சீங்க?"

அம்மா அழத் தொடங்கினாள். "நாந்தான் தம்பி சொன்னேன். ஒனக்காகத்தான்..."

"கூட வந்தவனெல்லாம் உள்ள இருக்கான்க்கா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீதியில நடப்பேன்?"

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார், கைதட்டச் சொல்லவில்லை. வத்தலக்குண்டு பஸ்ஸில் அவர் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கியதைப் பார்த்தவர் எவரும் இல்லை. கீழே அந்த நாட்களில் கல்வீச்சும் தடியடியும் துப்பாக்கிச் சூடுமாக இருந்தது. அப்பா மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அலைந்தார், ஆஸ்பத்திரிகளில் தேடினார், சிறை வாசல்களில் கேட்டார். எந்த இடத்திலும் மாமாவின் பெயர் இல்லை.

பிறகு அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். அதே இன்ஸ்பெக்டர்.

"காணாமப் போனவரு போட்டோ ஒண்ணு குடுங்கம்மா. நாலு ஸ்டேசனுக்கு அனுப்புவோம்."

"போட்டோ இல்லைங்க."

"போட்டோக்காரரு வீட்டுலயா இல்ல?"

அம்மா முந்தானைக்குள்ளிருந்து அந்தப் பிரதியை எடுத்து மேசையில் விரித்தாள். மறைத்ததைத் தானே காட்டிக்கொடுக்கிறோம் என்ற அச்சம் அவளிடம் அப்போது இல்லை. "இதோ, இந்தக் கை அவன் கைதாங்க. இந்தப் பனிக்குள்ளதான் நிக்கிறான்."

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருப்பாள் போலும். அவர் படத்தை மெதுவாக அவள் பக்கமே தள்ளினார். "கைய வச்சு ஆளத் தேட முடியாதும்மா."

வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள்: "அந்த நெகட்டிவ் மேல பூசுனதுதானங்க? கழுவுனாப் போயிராதா?"

"பூசுறதுக்கு முன்னாலயே சொரண்டிட்டேன். வெறும் பூச்சா இருந்தா எவனாவது கழுவிப் பாத்துருவான்னு..." என்றார் அப்பா. அவர் செய்த வேலைகளிலேயே குறை சொல்ல முடியாத வேலை அதுதான்.

கைதானவர்கள் சில வாரங்களில் மெலிந்து திரும்பினார்கள். தேநீர்க்கடைக்காரர் மகனும் வந்தான். பூண்டிக்காரர் மகனும் வந்தான். மாமா வரவில்லை. ஊரார் பெட்டியின் முன் நிற்பதை விட்டுவிட்டார்கள். அப்பா சனிக்கிழமைகளில் பெட்டியைத் திறப்பதை விட்டுவிட்டார். ஒருநாள் அம்மாவே அதைத் திறந்து மற்றப் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த ஒரு படத்தை மட்டும் நடுவில் குத்தினாள். கீழேயிருந்து வரும் எவராவது அந்தக் கையை அடையாளம் சொல்லமாட்டார்களா என்று எண்ணினாள். மாமாவின் சட்டைக்கு மட்டும் நீல வண்ணம் ஏற்றியிருந்தாள். முகம் வரைய அவளுக்குத் தெரியாது.

மலைக் குளிரில் காலைதோறும் அந்தக் கண்ணாடியில் பனி படியும். வெள்ளனே எழுந்து, பழைய செய்தித்தாளைச் சுருட்டி அதைத் துடைப்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட வேலை. முதலில் கொடி தெரியும், பிறகு கை, பிறகு நீலச் சட்டை. அதற்கு மேலும் கொஞ்சம் பனி மிச்சமிருக்கும். எக்கி நின்று, விரல் நோக அழுத்தி அழுத்தித் துடைப்பேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். போதும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நான் நன்றாகத் துடைக்கிறேன் என்றே அதற்குப் பொருள் கொண்டேன்.