போரில்லாத பாசுரம் தேடிய கதை

எல்லா நோய்க்கும் பாசுரமே மருந்து என்று நம்புகிறவன் நான். பல்வலிக்கு ஒன்று, பேருந்து வராவிட்டால் ஒன்று எனக் கைவசம் வைத்திருப்பவன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் என் குரல்தான் உரக்க ஒலிக்கும். இனிக்கும் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. தகப்பனார் சூடானில் மெக்கானிக்காக இருந்தவர்; அங்கே போர் மூண்டதும் உடுத்திய துணியோடு ஊர் திரும்பியவர்கள். எட்டு வயது மகளை இங்கே பள்ளியில் சேர்த்தும் அவள் வகுப்பில் தங்குவதில்லை. கதவைச் சாத்தினால் எழுந்து ஓடிவந்துவிடுவாள். இப்படியே போனால் கீழ்வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லியனுப்பியிருந்தார். பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டிய மதுரை டாக்டரம்மா, “அவசரப்படுத்தாமல் பிள்ளையைப் பேசவிடுங்கள்” என்றாராம். பிறரைப் பேசவிடுவது எனக்குக் கைவராத கலை.

“அச்சம் தீர்க்கும் பாசுரம் நான் சொல்கிறேன். எனக்குத் தெரியாதது இல்லை” என்று பிள்ளையை எதிரே உட்கார்த்தினேன். பதம் பிரித்துப் பொருள் சொல்லத் தொடங்கிய பிறகே என் மதிநுட்பம் எனக்கு விளங்கிற்று. முதற்பாட்டில் அம்புமழை. இரண்டாவதில் தலைகள் உருண்டன. பதறித் தாவிய மூன்றாவதில் தூணைப் பிளந்து சிங்கம் வந்து மார்பைக் கீறியது.

“பயந்த பிள்ளைகிட்டப் போயி வெட்டு குத்துன்னே சொல்லுதியளே! வெண்ணெய் திருடுனதச் சொன்னா வாய் வலிக்குமோ?” என்றாள் அடுப்படியிலிருந்து என் மனைவி.

வெண்ணெய்ப் பக்கம் ஒதுங்கினேன். அங்கும் இரண்டு பாட்டுக்குள் ஒரு பேய்ச்சி செத்து விழுந்தாள். வாழ்நாளெல்லாம் சேவித்ததில் இத்தனை போர் இருப்பதை, தித்திப்பில் கிறங்கிக் கிடந்த நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் இலங்கை எரிந்த பாட்டில் மாட்டிக்கொண்டேன். பிள்ளை நிமிர்ந்தாள்.

“அந்த ஊர்ல ஸ்கூல் இருந்துச்சா தாத்தா?”

வியாக்கியானங்களை மனத்துக்குள் புரட்டினேன். அரக்கர் மதிலுக்கும் மாடத்துக்கும் பக்கம் பக்கமாக உரை உண்டு. அவர்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்பதற்கு ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

“தெரியலையேம்மா.”

“எல்லாம் தெரியும்னீங்க?”

“அது சும்மா சொன்னது.”

முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு நான் கேளாமலே சொன்னாள். வெடிச்சத்தம் கேட்டதும் மிஸ் வகுப்புக் கதவைச் சாத்தினாராம். இருட்டும் வரை யாரும் வந்து திறக்கவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாதாம். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு உடம்புக்கு என்னவோ என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

பிள்ளையின் தாயிடம் சொன்னேன்; அவர் தலைமையாசிரியையிடம் சொல்ல, வகுப்புக் கதவு திறந்தே இருக்கும் என்றாயிற்று. பிள்ளை தன் பங்குக்கு ஒரு நிபந்தனை விதித்தாள்: வாசலில் நான் காவல் இருக்க வேண்டும்.

அவ்வாறே, நெற்றி முதல் முதுகு வரை இட்ட பன்னிரு திருமண்ணும் பளிச்சிட, வகுப்பு வாசலில் நாற்காலி போட்டுத் துவாரபாலகனாக அமர்ந்தேன். “மிஸ், சாமியார் வந்திருக்காரு!” என்றது ஒரு குரல். பிள்ளைகள் ஒப்பித்த பெருக்கல் வாய்ப்பாடு தாலாட்டாகி, காவல்காரன் தூங்கிப்போனான்.

யாரோ தோளைத் தட்டினார்கள். மாடிவீட்டுப் பிள்ளை. அவள் பின்னே வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது.

“நீங்க வீட்டுக்குப் போங்க தாத்தா, நான் இருந்துக்கிடுதேன். உங்க கொறட்டையில மிஸ் சொல்றது கேக்கல.”