தண்ணீர் வரட்டும் என்று சொன்னவன்

சகாயராஜ் இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கட்டடத்தில் கான்கிரீட் வண்டிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ‘சகாயம் போயிட்டான்’ என்று நண்பர் அனுப்பியிருந்தார். ‘எங்கே?’ என்று திருப்பிக் கேட்டேன். மாரடைப்பு, காலையிலேயே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

நாங்கள் இருவரும் தஞ்சாவூரில் ஒரே அலுவலகத்தில் கட்டுமானப் பொறியாளர்கள். அவனோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், லேசான ஆள் இல்லை. அறிக்கையில் ‘அடிப்படையில்’ என்று இருந்தால் பேனாவால் அடித்துவிடுவான். “அடிப்படையில் வீடு நல்லா இருக்குன்னு எழுதுறியே மாப்ள, அப்ப நல்லா இல்லைன்னுதானே அர்த்தம்?” என்பான். வீட்டுக்காரர் கடைக்கால் என்பார், கொத்தனார் அஸ்திவாரம் என்பார், நான் ஃபவுண்டேஷன் என்பேன். வீட்டுக்காரர் சொன்ன சொல்லையே சகாயம் அறிக்கை முழுக்க எழுதுவான். “அடித்தளம்னு புத்தகத்துல இருக்கு, அதை எழுதுடா” என்றேன் ஒருமுறை. “புத்தகமா அதுல குடியிருக்கப் போகுது?” என்றான்.

டெல்டாவில் பெரும்பாலும் கோடையில்தான் கடைக்கால் தோண்டுவார்கள். வயலில் வேலை இருக்காது, குழியில் நீர் ஊறாது. அப்போது இந்தக் களிமண் கடப்பாரைக்கே மசியாது. பாறை மாதிரி இருக்கிறது என்று நம்பிக் கட்டிவிடுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அதே மண் உப்பி இளகும், சுவர் விரிசல் விடும். எனக்கு மண் பரிசோதனை முடிவு போதும். அவனுக்குப் போதாது. “தண்ணி வரட்டும், அப்புறம் பேசுவோம்” என்பான்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் காளியப்பன், வசந்தா என்று ஒரு தம்பதி வயலைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். அவர்களிடமும் அதையே சொன்னான். காளியப்பன் சிரித்தார்.

“தண்ணி எப்ப வரும்னு அரசாங்கத்துக்கே தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியுமா?”

“வந்ததும் நானே வந்துடுறேங்க.”

பழைய மண்சுவர் வீட்டிலேயே காத்திருந்தார்கள். அந்த வருடம் ஆற்றுத் தண்ணீர் தாமதம், மழை முந்திக்கொண்டது. ஊறிய சுவர், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்த காளியப்பன் மேல் விழுந்தது.

துக்கத்துக்கு இருவரும் போனோம். யாரும் எங்களைத் திட்டவில்லை. வசந்தா மட்டும் கேட்டார்: “இப்பத்தான் தண்ணி வந்துடுச்சுங்களே சார். கடைக்கால் தோண்டிப் பாக்குறீங்களா?”

காரியம் முடிந்ததும் தோண்டினோம். ஆளுயரத்துக்குக் கீழும் சேறுதான். கோடையில் கட்டியிருந்தால் வீடு நிச்சயம் விரிசல் விட்டிருக்கும். திரும்பும்போது வண்டியில் அதைச் சொன்னேன், ஆறுதலாக இருக்கும் என்று. “வாயை மூடு மாப்ள” என்றான். ஆழமாகத் துளையிட்டுத் தூண் இறக்கி அந்த வீட்டைக் கட்டினான். வசந்தா இப்போது அதில்தான் இருக்கிறார். சுவரில் கீறல் இல்லை. அதை நினைத்து அவன் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நேராக மனைக்குப் போக மாட்டான். “இப்ப எங்க படுக்குறீங்க?” என்று கேட்டு அந்த வீட்டைப் போய்ப் பார்ப்பான். சுவரைத் தட்டுவான். மோசமாக இருந்தால் தகரக் கொட்டகை போட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மனைப் பக்கம் வருவான். நேரம் வீணாகிறது என்று நான் கத்தியிருக்கிறேன். காதிலேயே வாங்க மாட்டான்.

அடக்கத்துக்கு வசந்தா வந்திருந்தார். மாதா கோயில் வாசலில் என்னிடம், “கோபம் இருந்துச்சுங்க. இன்னும் இருக்கு. வராம இருக்க முடியலை” என்றார்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். போன வாரம் முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் வரைபடத்தை விரித்துக் காட்ட வந்தார். “அது இருக்கட்டுங்க, இப்ப எங்க படுக்குறீங்க?” என்றேன். அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். பிறகு வயலோரம் சாய்ந்து நின்ற ஒரு மண்சுவரைக் காட்டினார்.