இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபதாம் நாள்

முகத்துவாரத்தில் நான்கு வலைகளுக்குத்தான் இடம். ஐந்தாவது வந்தால் ஒன்றோடொன்று சிக்கும். நீர் வடியும் நேரமாக இருந்தால் தோணியே கவிழும். அங்கே முறைவைத்து வலை போடுவதற்குப் பாடு என்று பெயர். ஐந்து குப்பங்கள், குப்பத்துக்கு ஒரு தோணி, ஒரு வலை. ஒன்றுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை பாடு. மற்றவற்றுக்கு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது நாளுக்கு ஒருமுறை. முதல் நாள் ஐந்து தோணிகளும் பூசைக்காகச் சேர்ந்து போய், வலை போடாமல் திரும்பின.

மறுபடி ஐந்தும் எப்போது ஒரே நாளில் வரும் என்று ஊர்த் தலைவர் என்னைக் கேட்டார். நான் ஒல்லாந்தர் கோட்டையில் ஓலை எழுதுபவன், வாய்பாடு படித்தவன். ஐந்து எண்களையும் பெருக்கினேன். பதினையாயிரத்து நூற்றிருபது நாள். நாற்பத்தோரு வருடம் என்றேன்.

"அப்போ நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன். விடு," என்று சிரித்தார்.

ஏழு வருடம்கூட நிறையவில்லை. ஒரு காலை என் மனைவி கரையிலிருந்து வேகமாக வந்தாள்.

"இன்னாய்யா, அதுக்குள்ள நாப்பது வருஷம் ஓடிப்போச்சா? அஞ்சு தோணியும் முகத்துக்குப் போவுது."

எங்கள் மகன் ஒன்பது நாள் பாட்டுத் தோணியில் இருந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தோணி கவிழ்ந்து கிடந்தது. அடுத்த குப்பத்தார் தங்கள் வலையையே கத்தியால் அறுத்து அவனை வெளியே இழுத்தார்கள். மூச்சு இல்லை. குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார்கள். வெகு நேரம் கழித்து இருமினான்.

பிறகு கணக்கை மறுபடி போட்டேன். ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது, இவற்றைப் பெருக்கினாலே போதும். ஆறு அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதி இல்லை. அதைவிடச் சிறிய எண் எதற்கும் அந்தக் குணம் கிடையாது. பத்து நாள் பாட்டுக்கு ஆறாவது குப்பம் ஒன்று இருந்திருந்தால், அதுவும் அன்றைக்கே வந்திருக்கும். ஆறு நாள் தோணியும் எட்டு நாள் தோணியும் இருபத்துநான்கு நாளுக்கு ஒருமுறை சந்தித்ததை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! என் பெருக்கல்படி நாற்பத்தெட்டு அல்லவா ஆக வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

தலைவரிடம் போனேன். "எட்டு நாள் குப்பம் ஒரே ஒரு நாள் தள்ளிப் போகட்டும். ஆறு நாள் தோணி இரட்டை நாள்ல வரும், அது ஒற்றை நாள்ல வரும். அஞ்சும் எப்பவுமே சேராது."

"எப்பவுமேன்றே."

"எப்பவுமே."

"நாப்பத்தோரு வருஷம்னு சொன்னதும் இதே வாய்தானே."

ஆனாலும் எட்டு நாள் குப்பத்துக்கு ஆள் அனுப்பினார். வீட்டில் மகன் பாயில் படுத்தபடி சொன்னான்: "அடுத்த பாட்டுக்கு நீயும் வா நைனா. அப்புறம் நம்பறேன்."

ஒன்பதாம் நாள் அவனோடு தோணியில் ஏறினேன். முகத்துவாரத்தில் எங்களோடு, ஒரு நாள் தள்ளி வந்த எட்டு நாள் குப்பத்துத் தோணி மட்டும்தான். கணக்குப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் கரை திரும்பும்வரை நான் தோணிகளை எண்ணுவதை நிறுத்தவில்லை.