அந்தத் தங்கநிற கிளட்ச் பேக்

போன வருடம் ஆவணியில், கிள்ளானில் ஒரு மண்டபத்தில் என் கணவரின் அண்ணன் மகனுக்குத் திருமணம். என் பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக, பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு தங்கநிற கிளட்ச் பேக் வாங்கியிருந்தேன். தோளில் மாட்ட வார் கிடையாது, கையிலேயேதான் வைத்திருக்க வேண்டும். அது கையில் வந்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது.

மணமக்களுக்கு அட்சதை போட மேடைக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தால் கையில் பை இல்லை. நாற்காலியிலும் இல்லை, கீழேயும் இல்லை. போன், அடையாள அட்டை, கார் சாவி எல்லாம் அதற்குள். பதறிப்போய்ப் பார்த்தால், பின் வரிசையில் ஒரு பெண்ணின் மடியில் அதே பை!

மணப்பெண்ணோடு மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது என் கண்ணில் பட்டது அவருடைய சாயம் போன புடவைதான். இந்தப் புடவைக்கு இந்தப் பையா என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை.

"இது என்னோட பேக். உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்று நாலு வரிசைக்குக் கேட்கும்படி சத்தம் போட்டேன்.

"இல்லக்கா, இது என்னோடது லா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பிடுங்கித் திறந்துவிட்டேன். பை உப்பலாகத் தெரிவதற்காகக் கடையில் திணித்திருந்த காகிதம் அப்படியே இருந்தது. கூடவே ஒரு வீட்டுச் சாவி, இரண்டு ஊக்கு. அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் என் நாத்தனார் ஓடி வந்தாள். "அண்ணி, மேடைக்குப் போறப்ப என்கிட்டதானே குடுத்தீங்க!" என்று என் பையை நீட்டினாள். பிடுங்கிய பையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஏதோ சாரி சொல்லிச் சமாளித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் வந்தார். நான் நீட்டியதை வாங்குவதற்கு முன், தன் கிளட்ச்சைத் திறந்து என் முன்னால் பிடித்தார்.

"கெளம்புறேன்கா. ஒரு தடவ பாத்துக்குங்க."

குரலில் குத்தல் எதுவும் இல்லை. அவர்கள் தொழிற்சாலையில் வேலை முடிந்து கிளம்பும்போது, கேட்டில் காவலாளியிடம் தினமும் அப்படித்தான் பையைத் திறந்து காட்டுவார்களாம். வாழ்த்த வந்தவரைக் கல்யாண வாசலிலும் அப்படி நிற்க வைத்தவள் நான் என்ற நினைப்பு, இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது.