அழுக்குன்னு அழிச்ச புள்ளிக்கோடு

தீப்பெட்டி லேபிள் அடிக்கிற பிரஸ்ல சண்டை போட்டுட்டு இப்பதான் வாரேன்.

கம்பியைக் கையில பிடிச்சு வட்டமாப் பறக்கவிடுற குட்டி விமானம் ஒண்ணு செய்யுதேன். அதோட பழைய பிளானை நகலெடுக்கக் கொடுத்திருந்தேன்.

நகல் பளிச்சுன்னு இருக்கு. றெக்கைக்குள்ள இருந்த புள்ளிக்கோட்டைத்தான் காணோம்.

"அழுக்கா இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல தொடச்சிட்டேன்"ன்னாரு பிரஸ்காரர்.

"அண்ணாச்சி, கம்பி போற வழியே அதான். கம்பி இல்லாட்டி விமானம் எவன் பேச்சையும் கேக்காது. பழைய தாளையாவது கொடுங்க."

"அந்தக் கிழிசலையா? குப்பையில போட்டாச்சு. சுத்தமா அடிச்சுக் கொடுத்தா நன்றி சொல்லாம கத்துதீயளே!"

சரி. கம்பியே இல்லாம செஞ்சு, அவிய பிரஸ் வாசல்லயே பறக்கவிடப்போறேன்.

வேடிக்கை பாக்க யாரெல்லாம் வாரீய?